நீறு பூத்த கேலக்ஸிகள்: மோதலுக்கும் அகச்சிவப்பு வெளிச்சத்துக்கும் என்ன தொடர்பு?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு வானம் காட்டுவது எனக்குப் பல வருஷப் பழக்கம். போன மாதம் ஒரு பையன் கைப்பேசியை நீட்டினான். இரண்டு சுருள்கள் பின்னிக் கிடக்கும் அழகான படம். கீழே ஒரு வரி: "இரண்டு கேலக்ஸிகள் மோதி வெடித்தன, கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் நொறுங்கின." அவன் முகத்தில் நிஜமான பயம். "சார், நம்ம கேலக்ஸியும் ஒருநாள் இப்படித்தான் வெடிக்குமாமே?"

அந்த வரியில் "இரண்டு கேலக்ஸிகள்" என்பது மட்டும்தான் சரி. வெடிப்பும் கிடையாது, நட்சத்திரங்கள் நொறுங்குவதும் கிடையாது. நடப்பது வேறு. அந்த வேறொன்றுதான் நம் சுற்றுவட்டாரத்திலேயே மிகப் பிரகாசமான சில கேலக்ஸிகளை உண்டாக்குகிறது. ஆனால் அவற்றின் பிரகாசத்தில் பெரும்பங்கு நம் கண்ணுக்குத் தெரியாது. இந்த முரண் எப்படி வருகிறது என்று அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். ஈர்ப்பினால் ஒன்றாகக் கட்டுண்டு சுழலும் நட்சத்திரங்கள், வாயு, தூசி, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எல்லாம் சேர்ந்ததுதான் கேலக்ஸி. விண்மீன் திரள் என்றும் சொல்கிறோம். நாம் இருக்கும் திரளின் பெயர் பால்வழி.

## மோதல் என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது

மோதல் என்றதும் லாரியும் பஸ்ஸும் நினைவுக்கு வருகின்றன. கேலக்ஸி அப்படிக் கெட்டியான பொருள் அல்ல. அதில் எவ்வளவு வெற்றிடம் என்று பார்க்க ஒரு கடுகு போதும்.

சூரியனைக் கடுகளவுக்குச் சுருக்குங்கள். குறுக்களவு 1.4 மில்லிமீட்டர். அந்தக் கடுகைத் தேவனாம்பட்டினம் மணலில் வைத்தால், சூரியனுக்கு மிக அருகில் உள்ள அடுத்த நட்சத்திரம் எங்கே இருக்கும்? 40 கிலோமீட்டர் தள்ளி, சிதம்பரத்தில். கடலூரில் ஒரு கடுகு, சிதம்பரத்தில் இன்னொரு கடுகு, நடுவில் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட இரண்டு கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால் கடுகும் கடுகும் முட்டுமா? கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் இருந்தும் நேருக்கு நேர் முட்டுவது அநேகமாக நடப்பதே இல்லை.

வாயுவின் கதை வேறு. நட்சத்திரங்களுக்கு இடையே ஹைட்ரஜன் வாயு பெரிய பெரிய மேகங்களாக மிதக்கிறது. பெரிய மேகம் ஒன்றின் அகலம் 100 ஒளியாண்டு இருக்கலாம். (ஒளி ஒரு வருஷத்தில் கடக்கும் தூரம்தான் ஒளியாண்டு, ஏறக்குறைய 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர்.) நம் கடுகுக் கணக்கில் அந்த ஒரு மேகம் கடலூரிலிருந்து புனே வரை நீளும். இவ்வளவு அகலமானவை ஒன்றையொன்று தப்பிப் போக வழியே இல்லை.

மாசி மகத்தன்று சுற்று ஊர்ச் சாமிகள் எல்லாம் இதே கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். இரண்டு ஊர்வலங்கள் எதிரெதிரே வந்து கலக்கும்போது கவனித்திருக்கிறேன். ஆட்கள் விலகி, ஊடே புகுந்து, அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். இரண்டு பக்கத்துச் சாம்பிராணிப் புகைக்கு மட்டும் அது முடிவதில்லை. முட்டிக் கலந்து நடுவிலேயே மூட்டமாக நின்றுவிடுகிறது. ஆட்கள்தான் நட்சத்திரங்கள், புகைதான் வாயு.

இதுவரை: கேலக்ஸிகள் மோதும்போது நட்சத்திரங்கள் முட்டுவதில்லை, வாயுதான் முட்டுகிறது. இனி வரும் எல்லாமே இந்த வித்தியாசத்திலிருந்து பிறப்பவை.

## ஓதமும் வாலும்

கடல் ஏறி இறங்குவதற்கு ஓதம் என்று பழைய பெயர். நிலவு, பூமியில் தனக்கு அருகில் உள்ள பக்கத்தைக் கூடுதலாகவும் தள்ளி உள்ள பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. அந்த இழுப்பு வித்தியாசம்தான் கடலை நீட்டிப் பிடிக்கிறது. இதற்கு ஓதவிசை என்று பெயர்.

நெருங்கி வரும் இரண்டு கேலக்ஸிகளும் ஒன்றின் மேல் ஒன்று இதையேதான் செய்கின்றன. கடலில் ஓரிரண்டு அடி ஏற்றம், அங்கே லட்சம் ஒளியாண்டுக் கணக்கில் நீளும் வால்கள். 1972-ல் அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் சில நூறு புள்ளிகளைக் கணினியில் ஓடவிட்டு, வெறும் ஈர்ப்பே இந்த வால்களை இழுத்துவிடும் என்று காட்டினார்கள். அதற்கு முன்னால் இந்த விநோத உருவங்கள் எப்படி வந்தன என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது.

வால்கள் கண்ணைக் கவர்வதால் படங்களில் எல்லோரும் பார்ப்பது அவற்றைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது எதிர்த்திசையில், உள்ளே நடப்பது.

## ரசத்தின் மண்டி நடுவில் சேருவது ஏன்?

கேலக்ஸியில் உள்ள வாயு, மையத்தின் ஈர்ப்புக்கு ஆட்பட்டும் ஏன் உள்ளே விழவில்லை? சுற்றிக்கொண்டிருப்பதால். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் கல் கைக்கு வந்து சேர்வதில்லை அல்லவா, அதுபோல. இப்படிச் சுழலும் பொருள் வைத்திருக்கும் சுழற்சி இருப்புக்குக் கோண உந்தம் என்று பெயர். யாராவது பிடுங்கினால் ஒழிய அது குறையாது. ஆகவே வாயு மையத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் அதன் கோண உந்தம் பறிபோக வேண்டும்.

அடுக்களையிலேயே இதைப் பார்க்கலாம். ரசத்தைக் கரண்டியால் நன்றாகச் சுழற்றிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுங்கள். சுழலும் பொருள் ஓரத்துக்குத்தான் ஓடும் என்று நினைப்போம். ஆனால் பருப்பு மண்டி அடியில், நட்டநடுவில் வந்து குவிகிறது. காரணம், பாத்திரத்தின் அடி உரசி உரசி, அடி அடுக்கின் சுழற்சியைக் குறைத்துவிடுகிறது. சுழற்சி குறைந்த அந்த அடுக்கை மேலே வேகமாகச் சுழலும் ரசத்தின் அழுத்தம் நடுவை நோக்கித் தள்ளுகிறது. மண்டியும் கூடவே போகிறது. சுழற்சி போனால் மையத்துக்கு வந்தாக வேண்டும் என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது.

கேலக்ஸியில் பாத்திரத்தின் அடி கிடையாது. சுழற்சியைப் பறிக்கும் வேலையை அங்கே நட்சத்திரங்களே செய்கின்றன. ஓதவிசை, வட்டமாக இருந்த தட்டை நீட்டி, நடுவில் ஒரு தடி போன்ற அமைப்பை உண்டாக்குகிறது. வாயுவும் ஒரு தடியாகிறது, நட்சத்திரங்களும் ஒரு தடியாகின்றன. இரண்டும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. முட்டி மோதி வெப்பத்தை இழக்கும் வாயு கொஞ்சம் முன்னே போய்விடுகிறது, நட்சத்திரத் தடி பின்தங்குகிறது. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தன் ஈர்ப்பால் பின்னுக்கு இழுக்கும்தானே? அந்த இழுப்பில் வாயுவின் சுழற்சி குறைந்துகொண்டே போகிறது. 1990-களில் ஜோஷுவா பார்ன்ஸ், லார்ஸ் ஹெர்ன்குவிஸ்ட் ஆகியோரின் கணினி மாதிரிகள் இதைப் படிப்படியாகக் காட்டின. பல்லாயிரம் ஒளியாண்டு அகலத்துக்குப் பரவிக் கிடந்த வாயு, கடைசியில் ஆயிரம் ஒளியாண்டுக்கும் குறைவான இடத்தில் வந்து திணிகிறது.

திணிந்தால் என்ன? வாயு நெருங்க நெருங்க அதன் சொந்த ஈர்ப்பே அதைக் கட்டிகட்டியாகச் சுருக்குகிறது. அந்தக் கட்டிகள்தான் புதிய நட்சத்திரங்கள். நம் பால்வழியில் வருஷத்துக்கு ஓரிரண்டு சூரியன் எடையுள்ள வாயுதான் நட்சத்திரமாக மாறுகிறது. மோதலின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் கேலக்ஸியில் அதுவே வருஷத்துக்கு நூறு, இருநூறு சூரியன்கள். வானியலில் இதை விண்மீன் வெடிபிறப்பு என்பார்கள். பெயரில்தான் வெடி. உண்மையில் நடப்பது பிறப்பு.

இதுவரை: ஓதவிசை கேலக்ஸியின் உருவத்தைக் குலைக்கிறது, வாயு சுழற்சியை இழக்கிறது, மையத்தில் குவிகிறது, நட்சத்திரங்கள் மடமடவென்று பிறக்கின்றன. அந்தப் பையன் பார்த்த படத்தில் நொறுங்கியதாகச் சொன்ன இடத்தில் நடந்துகொண்டிருந்தது பிரசவம்.

## நீறு பூத்த நெருப்பு

சரி, இத்தனை நட்சத்திரம் பிறந்தால் அந்த இடம் கண்ணைப் பறிக்க வேண்டாமா? ஏன் மங்கலாக இருக்கிறது?

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கிறது. இன்னும் கரிப்பெட்டிதான். மதியம் துணி வாங்கப் போனபோது அண்ணன் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் கரித்துண்டுகள். அணைந்துவிட்டது என்றே நினைத்தேன். "கைய வச்சுப் பாருங்க சார்" என்றார். ஒரு சாண் உயரத்திலேயே உள்ளங்கை சுட்டது. பிறகு ஒரு விசிறு விசிறினார். சாம்பல் பறந்து, உள்ளே செக்கச்செவேல் என்று தணல்.

நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். மேலே படிந்த நீறு தணலின் ஒளியை விழுங்கிக்கொள்கிறது. ஆனால் விழுங்கிய ஆற்றல் எங்கும் தொலைந்துபோவதில்லை. நீறு சூடாகி, அதையே வெப்பக் கதிராக வெளியே விடுகிறது. கண் ஏமாறும், கை ஏமாறாது.

அந்த வெப்பக் கதிர்தான் அகச்சிவப்புக் கதிர்: சிவப்பைத் தாண்டி, நம் கண்ணுக்கு எட்டாத ஒளி. டிவி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்க கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்திப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, திரையில் ஒரு பொட்டு மினுக்கும். அதுவும் அகச்சிவப்புதான். 1800-ல் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறியது. அகச்சிவப்பு மனிதருக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

கேலக்ஸியின் நீறு எது? தூசி. வீட்டில் பெருக்குகிற தூசி அல்ல. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் அளவில், கரியும் மணற்சத்தும் கலந்த துகள்கள். அளவில் புகைக்கு நெருக்கம். நட்சத்திரங்கள் பிறக்கும் வாயுவோடு கலந்தே இவை இருக்கும். வாயு மையத்தில் குவிந்தால் தூசியும் அங்கேதான் குவியும். புதிதாய்ப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் வெளியிடும் நீல ஒளியையும் புறஊதாக் கதிரையும் இந்தத் தூசி ஏறக்குறைய முழுதாக விழுங்கி, அகச்சிவப்பாகத் திருப்பி விடுகிறது.

தூசியின் வல்லமையை அறிய வெகுதூரம் போக வேண்டாம். பால்வழியின் மையத்திலிருந்து நம் பக்கம் கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில், ஒரு லட்சம் கோடி பங்கில் ஒரு பங்குதான் தூசியைத் தாண்டி இங்கே வந்து சேர்கிறது. மோதும் கேலக்ஸியின் மையத்தில் தூசி இதைவிட அடர்த்தி.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இஸ்திரிப் பெட்டி உவமை இந்த இடத்தில் தவறிவிடும். கேலக்ஸியின் தூசி கொதிப்பதில்லை. அதில் பெரும்பகுதி பூஜ்யத்துக்குக் கீழே 210 முதல் 240 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தது. அகச்சிவப்பு என்றாலே கொதிக்கும் சூடு என்று நினைப்பது தப்பு. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர் வீசும். நம் உடம்பும் அகச்சிவப்பில் ஒளிர்கிறது. குளிர்ந்த பொருள் இன்னும் நீண்ட அலைநீளத்தில் வீசும், அவ்வளவுதான். அப்புறம் இவ்வளவு பிரகாசம் எப்படி? பரப்பளவால். சித்திரை மாத ராத்திரியில் மொட்டை மாடியில் படுத்தவர்களுக்குத் தெரியும். தரையின் எந்த ஒரு இடமும் சுடுவதில்லை, ஆனால் மாடி முழுக்க விடும் அனல் நடுராத்திரி வரை தூங்கவிடாது. நூற்றுக்கணக்கான ஒளியாண்டு அகலமுள்ள தூசிப் பரப்பு, மெல்லிய சூட்டிலேயே கோடானுகோடி சூரியன்களுக்கு ஈடான ஆற்றலை வீசிவிடுகிறது.

## மேகத்துக்கு மேலே போன பிறகு

புதுச்சேரிக்கும் வானியலுக்கும் ஒரு சோகமான பந்தம் உண்டு. கியோம் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனின் முகத்தை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-ல் பிரான்சை விட்டுக் கிளம்பினார். போரால் 1761-ல் புதுச்சேரியில் இறங்க முடியவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து 1769 ஜூன் மாதத்து அடுத்த கடப்புக்குப் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக இருந்தார். அன்று காலை மேகம் மூடிவிட்டது. ஆன்ட்ரோமிடா கேலக்ஸியின் துணைக் கேலக்ஸி ஒன்றை 1749-லேயே கண்டுபிடித்தவர் அவர். அந்தக் காலையையும் அவரையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

அவருக்கு மேகம் மறைத்தது ஒரு நாள். அகச்சிவப்பு வானியலாளர்களுக்கோ தினமும் மேகம்தான். நம் காற்றில் உள்ள நீராவி, விண்ணிலிருந்து வரும் அகச்சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. போதாக்குறைக்குக் காற்றும் தொலைநோக்கியுமே அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. ஆகவே காற்றுக்கு மேலே போய், கருவியையும் உறைய உறையக் குளிரவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

1983 ஜனவரியில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் சேர்ந்து ஐராஸ் என்ற செயற்கைக்கோளை ஏவின. கண்ணாடியின் அகலம் 57 சென்டிமீட்டர்தான். கருவியைக் குளிரவைத்த திரவ ஹீலியம் தீரும்வரை பத்து மாதம் வேலை செய்து, வானத்தில் 96 சதவீதத்தைத் துழாவியது. சாதாரணப் படங்களில் மங்கல் பொட்டாகத் தெரிந்த சில கேலக்ஸிகள் இதில் தணல்போல ஒளிர்ந்தன. அகச்சிவப்பில் மட்டும் ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்கு மேல் ஒளி வீசுகிறவற்றை அதி ஒளிர் அகச்சிவப்பு கேலக்ஸி என்று வகைப்படுத்தினார்கள். வானியலாளர்கள் சுருக்கமாக யூலர்க் என்பார்கள். பால்வழியின் எல்லா ஒளியையும் கூட்டினாலும் சில ஆயிரம் கோடி சூரியன்கள்தான் தேறும்.

1988-ல் டேவிட் சாண்டர்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் இந்த வகையில் பத்துக் கேலக்ஸிகளை எடுத்து உருவத்தைப் பார்த்தார்கள். பத்துமே குலைந்த உருவம், மோதலின் தடயம். நமக்கு அருகில் உள்ள யூலர்க்குகளைப் பொறுத்தவரை அந்த முடிவு பின்னால் வந்த ஆய்வுகளிலும் நிற்கிறது.

## ஆர்ப் 220

நமக்கு மிக அருகில் உள்ள யூலர்க் இது. தூரம் சுமார் 25 கோடி ஒளியாண்டு. ஹால்டன் ஆர்ப் 1966-ல் வெளியிட்ட விநோத கேலக்ஸிகள் பட்டியலில் 220-ஆவது என்பதால் இந்தப் பெயர். இரண்டு கேலக்ஸிகளாக இருந்தது இன்று அநேகமாக ஒன்றாகிவிட்டது. ஆனால் இரண்டின் மையங்களும் இன்னும் தனித்தனியே இருக்கின்றன, நடுவே 1,200 ஒளியாண்டு இடைவெளியில். அந்தச் சின்ன வட்டாரத்தில் திணிந்திருக்கும் வாயு, பால்வழி முழுவதிலும் உள்ள வாயுவுக்கு ஈடு.

உள்ளே நடப்பதை ரேடியோ அலைகளில் பார்க்கலாம், தூசி அவற்றைத் தடுப்பதில்லை. அங்கே பெரிய நட்சத்திரங்கள் ஆயுள் முடிந்து சூப்பர்நோவாவாகச் சிதறுவது வருஷத்துக்குச் சில முறை நடக்கிறது. பால்வழியில் நூறு வருஷத்துக்கு ஓரிரண்டு. அந்த வகையில் வெடிப்பு உண்டுதான், ஆனால் அது மோதிய நட்சத்திரங்களின் வெடிப்பு அல்ல, பிறந்து வாழ்ந்து முடிந்தவற்றின் வெடிப்பு.

## கருந்துளைக்கும் பங்கு உண்டு

பெரிய கேலக்ஸிகளின் மையத்தில் ஒளியையும் தப்பவிடாத ஒரு பெருங்கருந்துளை இருக்கும். மையத்துக்கு வந்த வாயுவில் ஒரு பகுதி அதை நோக்கி விழும்போது பயங்கரமாகச் சூடாகி ஒளிர்கிறது. அந்த ஒளியையும் தூசி விழுங்கி அகச்சிவப்பாக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நட்சத்திரச் சூடா, கருந்துளைச் சூடா என்று பிரிப்பது கஷ்டம். பல யூலர்க்குகளில் நட்சத்திரப் பிறப்பின் பங்கே கூடுதல், சிலவற்றில் கருந்துளையின் கை ஓங்கியிருக்கிறது. என்ஜிசி 6240 என்ற மோதும் கேலக்ஸியில் இரண்டு கருந்துளைகளும் சேர்ந்தே தீனி தின்பதை 2002-ல் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி காட்டியது.

பின்னால் தூசி விலகி, கருந்துளையின் ஒளி பளீரென்று வெளிப்பட்டால் அதுவே குவாசார் என்று சாண்டர்ஸ் குழு சொன்னது. எல்லா யூலர்க்கும் அந்த வழியில் போவதில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். வாயு தீர்ந்தபின் நீள்வட்டக் கேலக்ஸியாக அமைதியாகிவிடுபவை பல.

## எல்லா மோதலும் இப்படி ஆகுமா?

ஆகாது. இரண்டு கேலக்ஸிகளும் எடையில் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும், கையில் வாயு நிறைய இருக்க வேண்டும், மோதலும் கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். மொத்தம் நூறு கோடி ஆண்டுக் கணக்கில் நடப்பதில் இந்த உச்சம் பத்துக் கோடி ஆண்டு நீடித்தாலே அதிகம். அதனால்தான் நம் அருகில் யூலர்க்குகள் அபூர்வம். மறுபக்கமும் உண்டு: ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்பு கேலக்ஸிகளில் வாயு ஏராளம். மோதாமலே அந்தப் பிரகாசத்தை எட்டியவை அன்று பல இருந்தன. யூலர்க் என்றால் மோதல்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது.

நம் பால்வழி? ஆன்ட்ரோமிடா 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருந்து, வினாடிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது. மோதல் நிச்சயம் என்றுதான் வெகுகாலம் பேசினார்கள். 2025-ல் வந்த ஒரு கணிப்பு, அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளில் அது நடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்கிறது. நடந்தாலும் இரண்டிலும் வாயு இன்று குறைவு, ஆர்ப் 220 போன்ற தணல் உண்டாகும் என்று தோன்றவில்லை.

இதைச் சொன்னதும் அந்தப் பையனின் பயம் போய்விட்டது. கொஞ்சம் ஏமாற்றமும் தெரிந்தது. "அப்போ ஆர்ப் 220 எங்க சார் இருக்கு?" என்றான்.

ஜூன் மாதம் இரவு பத்து மணிக்குக் கடலூரில் அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குச் சற்று மேற்கே ஆரஞ்சு நிறத்தில் சுவாதி நட்சத்திரம். கையை நீட்டி, அதிலிருந்து கிழக்கே ஒரு சாண் அளந்தால், அரை வட்டமாக வளைந்த சிறு நட்சத்திரக் கூட்டம் ஒன்று வரும். வடக்கு மகுடம் என்று பெயர். அதில் பிரகாசமான நட்சத்திரத்துக்கு நேர் தெற்கே, நீட்டிய கையின் இரண்டு விரல் அகலம் தள்ளி, ஒன்றுமே தெரியாத கறுப்பாக ஒரு இடம் இருக்கும். அங்கேதான்.